எந்தப் படத்துக்கும் அதே ஐந்து வரி

எதிர்வீட்டுப் பெண் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டைமாடியில் ஏறி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் எனக்குக் கைவேலை ஓடாது. நர்சிங் முடித்தவள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஆஸ்திரேலியா போகவேண்டும் என்று பி.டி.இ அகாடமிக் தேர்வுக்குப் படிக்கிறாள். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஏற்றுக்கொள்ளும் ஆங்கிலத் தேர்வுகளில் அதுவும் ஒன்று. அதில் ஒரு பகுதி, படத்தைப் பார்த்துப் பேசுவது. திரையில் படம் வரும். 25 விநாடி பார்க்கலாம். பிறகு 40 விநாடி அதைப் பற்றி மைக்கில் சொல்லவேண்டும். எதிரே கேட்பதற்கு ஆள் கிடையாது.

அவள் பேசுவதெல்லாம் என் சமையலறை ஜன்னல் வழியே உள்ளே வந்து விழும். "தி கிவன் இமேஜ் கிவ்ஸ் இன்ஃபர்மேஷன் அபவுட்" என்று தொடங்கும். "இன் கன்க்ளூஷன், தி இமேஜ் இஸ் வெரி இன்ஃபர்மேட்டிவ்" என்று முடியும். ஒருநாள் மழை அளவைக் காட்டும் வரைபடம், ஒருநாள் ஆற்றுப் பாலம், ஒருநாள் உலக வரைபடம். எது வந்தாலும் தலையும் வாலும் ஒன்றுதான். நடுவில் இரண்டு சொல் மட்டும் மாறும். பயிற்சி நிலையத்தில் கொடுத்த அச்சு அது. அவர்கள் அதை டெம்ப்ளேட் என்கிறார்கள்.

போன வாரம் அவளைக் கூப்பிட்டு, "நேத்து பேசுனியே, அந்தப் படத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"ஏதோ ஒரு மார்க்கெட், டீச்சர்."

"மார்க்கெட்ல?"

"ஆளுங்க இருந்தாங்க."

அவளுடைய அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பிறந்ததிலிருந்து அந்த மார்க்கெட்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போய் வந்த பெண். எந்தக் கமிஷன் கடையில் என்ன சரக்கு இறங்கும், கேரளா லாரி எப்போது கிளம்பும், முருங்கைக்காய் விலை ஏறினால் யார் முகம் எப்படி மாறும் என்று அவளிடம் கேட்டால் அரைமணி நேரம் சொல்வாள். அவள் முன்னால் ஒரு மார்க்கெட் படம் வந்து நின்றிருக்கிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே 40 விநாடி பேசி முடித்துவிட்டாள்.

அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்குப் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் எடுத்தவள் நான்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு கேள்வி உண்டு. ஒரு படம் கொடுத்து, அதைப் பார்த்து உன் கருத்துகளை ஐந்து வாக்கியத்தில் எழுது என்பார்கள். 5 மதிப்பெண். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளை கண்ணால் பார்க்கட்டும், தன் மனசில் பட்டதைத் தன் ஆங்கிலத்தில் சொல்லட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருக்கவேண்டும். அந்தக் கேள்வியை நாங்கள் என்ன செய்தோம் என்பது தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் தெரியும். "இட் இஸ் எ நைஸ் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்." அப்புறம் இந்தப் படத்தில் நிறையச் செய்திகள் உள்ளன, இது நமக்கு நல்ல கருத்தைச் சொல்கிறது, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். ஐந்து வரி முடிந்தது. மரம் நடும் படமா, பஸ்ஸில் தொங்கும் பையன்களா, குப்பை மேடா, எதற்கும் பொருந்தும். மினிமம் மெட்டீரியல் என்று ஒன்று அடித்துக் கொடுப்போம், 35 வாங்கினால் போதும் என்கிற பிள்ளைகளுக்காக. அதன் முதல் பக்கத்திலேயே இந்த ஐந்து வரியும் இருக்கும். முதலில் அது மெல்லக் கற்கிற பிள்ளைகளுக்கு மட்டும் என்று கொடுத்தோம். அடுத்த வருஷம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சொந்தமாக எழுதினால் தப்பு வரும், மார்க் போகும். அச்சில் தப்பு கிடையாது.

ஒரு வருஷம் எங்கள் பள்ளி அரையாண்டுத் தேர்வில் நானே படம் தேர்ந்தெடுத்தேன். சாலை விபத்து. ஹெல்மெட் இல்லாமல் ஓர் ஆள் ரோட்டில் விழுந்து கிடக்கிறார், பக்கத்தில் ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விடைத்தாள் கட்டைப் பிரித்தால், இது ஓர் அழகான படம், எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் இல்லை. அந்தக் கட்டில் பாதிக்கு மேல். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. நான் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 4 போட்டேன். ஒவ்வொரு தாளுக்கும் 4. அந்தப் பிள்ளைகள் கல்மனசுக்காரர்கள் இல்லை. அவர்களில் இருவர் அதே மாதம் பள்ளிக்கு வெளியே அடிபட்டுக் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள். தேர்வுத்தாளில் இருக்கும் படம் பார்ப்பதற்கு உரியது இல்லை என்று நாங்கள்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அந்தப் பழக்கம்தான் இப்போது மொட்டைமாடியில் நின்று பேசுகிறது. எட்டு வருஷம் ஆகியிருக்கிறது, நாலு வருஷம் கல்லூரி முடிந்திருக்கிறது, கையில் பட்டம் இருக்கிறது. ஐந்து வரி போய் டெம்ப்ளேட் வந்திருக்கிறது. வேறொன்றும் மாறவில்லை.

எனக்கு இத்தனை கோபம் வருவதற்குக் காரணம், படத்தைப் பார்த்துப் பேசுவதைப் போல நல்ல பயிற்சி ஸ்போக்கன் இங்கிலீஷில் வேறு இல்லை என்று நான் இன்னமும் நம்புவதுதான். புதிய மொழி பேசுகிறவருக்கு இரண்டு கஷ்டம், என்ன சொல்வது என்பதும் எப்படிச் சொல்வது என்பதும். உன்னைப் பற்றிப் பேசு என்றால் கூச்சப்படுகிற பிள்ளை, மாசுக்கட்டுப்பாடு பற்றிப் பேசு என்றால் விழிக்கிற பிள்ளை, ஒரு படத்தைக் கொடுத்தால் வாயைத் திறக்கும். சொல்லவேண்டிய விஷயம் கண்முன்னால் இருக்கிறது. சொற்களைத் தேடுவது மட்டும்தான் மிச்சம்.

தேடும்போதுதான் இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசம் கைக்கு அகப்படும். தமிழில் நாம் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆளுக்கு வருவோம். "மரத்தடியில ஒரு கிழவி உட்கார்ந்திருக்கா." ஆங்கிலத்தில் கிழவி முதலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மரம் வரும். நம் பிள்ளை மரத்திலிருந்து தொடங்கி, "அண்டர் தி ட்ரீ" என்று சொல்லிவிட்டு, மேலே போக வழி தெரியாமல் நிற்கும். அது நிற்பது ஆங்கிலம் தெரியாததால் இல்லை. வாக்கியத்தின் வாசல் வேறு பக்கம் இருக்கிறது என்று யாரும் சொல்லாததால். அதேபோல, கீழ், மேல், பின், பக்கத்தில் என்பதெல்லாம் நமக்குப் பெயருக்குப் பின்னால் ஒட்டும். அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கும். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' உருபைச் சொல்லிவிட்டு, அந்த இடப்பொருளில் வரும் சொற்களைக் கீழ், மேல், பின், அயல், முன், இடை, வலம், இடம் என்று எண்ணி அடுக்குகிறது. ஒரு படத்தைக் காட்டி எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் வேண்டியிருப்பது அந்தச் சொற்கள்தாம். அடுத்த வகுப்பறையில் தமிழய்யா வேற்றுமை நடத்துவார். நான் இங்கே பிரிபொசிஷன் நடத்துவேன். அதே பிள்ளைகள். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் உட்கார்ந்து பேசிக்கொண்டதில்லை.

'எ' எங்கே, 'தி' எங்கே என்று பக்கம் பக்கமாக விதி எழுதிப் போடுவோம். நம் பாட்டி கதை சொன்னது எப்படி? ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான், அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி. முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. படத்தில் முதலில் கண்ணில் படும் நாய் 'எ டாக்'. அதைப் பற்றி மேலே சொல்லும்போது 'தி டாக்'. எல்லா இடத்துக்கும் இது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் படத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கும் பிள்ளைக்கு இதற்குமேல் அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

'விற்கிறாள்' என்று பாடப்புத்தகத் தமிழில் எழுதினால் தினமும் விற்கிறாள் என்றும் ஆகும், இந்த நிமிஷம் விற்கிறாள் என்றும் ஆகும். ஆகவே பிள்ளைகளுக்கு 'செல்ஸ்', 'இஸ் செல்லிங்' வித்தியாசம் புரியாது என்று முப்பது வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறோம். அதே பிள்ளை வீட்டில், "அம்மா பூ வித்துக்கிட்டு இருக்கா" என்று சொல்கிறதே! அந்த வித்தியாசம் அதன் வாயிலேயே இருக்கிறது. வகுப்பில் பேச்சுத்தமிழ் கூடாது என்று நாம்தான் அதைப் பள்ளி வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம். "அழுதிருப்பா போல" என்று எந்தப் பிள்ளை சொல்லாது? அந்தப் 'போல'வை எடுத்துக் கொடுத்து, இதற்கு ஆங்கிலத்தில் 'ஷி மஸ்ட் ஹேவ் பீன் க்ரையிங்' என்று சொல் என்றால், படத்தில் தெரியாததையும் ஊகித்துச் சொல்லும் நிலைக்கு வந்துவிடும். டெம்ப்ளேட்டில் ஊகத்துக்கு இடமே இல்லை. அங்கே எல்லாப் படமும் 'வெரி இன்ஃபர்மேட்டிவ்'.

பி.எட். படித்தபோது கொமீனியஸ் என்று ஒருவரைப் பற்றிப் படித்தோம். 1658-ல் நியூரம்பெர்க்கில் அவருடைய படப் புத்தகம் வெளிவந்தது, பிள்ளைகள் லத்தீன் கற்றுக்கொள்வதற்காக. ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே ஒரு மரச்செதுக்குப் படம், கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் வாக்கியங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் ஓர் எண் போட்டிருப்பார். அதே எண் கீழே அந்தச் சொல்லின் பக்கத்திலும் இருக்கும். பிள்ளையின் கண் சொல்லிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து சொல்லுக்கும் போய் வந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எங்களுக்கு அவர் பெயரும் வருஷமும் இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதி வாங்கினோம். அந்த எண்களை எதற்காகப் போட்டார் என்று நான் நிதானமாக யோசித்தது, என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான்.

அண்ணனுக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. மூன்றாவது வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா வந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கோட்டோவியம். ஒரு சமையலறை. ஒரு பெண் தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு பையன் ஸ்டூல்மேல் ஏறி அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டை எடுக்கிறான், ஸ்டூல் சாய்கிறது, தங்கச்சி கீழே நின்று கை நீட்டுகிறாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பித் தரையில் வழிகிறது, அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் பாஸ்டனில் மூளைப் பாதிப்பால் பேச்சு இழந்தவர்களைச் சோதிக்கும் தேர்வுக்காக வரைந்த படம் என்று அந்த அம்மா சொன்னார். 1972-ல் அச்சான தேர்வு அது. இன்றைக்கும் பல இடங்களில் அந்தப் படத்தைக் காட்டி ஒருவரிடம் எவ்வளவு பேச்சு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். இரண்டு நிமிஷம் இருக்கும். இடது கையைத் தூக்கிக் கீழ்மூலையைத் தொட்டார். "தண்ணி" என்றார். அப்புறம், "போவுது... தண்ணி போவுது." அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டே, "ரொம்ப நல்லாச் சொன்னீங்க ஐயா, யாரு கவனிக்கல?" என்று கேட்டார். அண்ணன் அந்தப் பெண்ணைத் தொட்டுக் காட்டினார். அண்ணி வெளியே போய் அழுதாள்.

நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்த 4 மதிப்பெண் ஞாபகம் வந்தது. இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஒரு படத்தில் நடக்கிற முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் பார்த்தார். கேட்ட அந்த அம்மாவும் அவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பார்த்தார். அடுத்த கேள்வியை அவர் விரல் நின்ற இடத்திலிருந்து கேட்டார். இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளையிடமாவது நான் அப்படிக் கேட்டிருக்கிறேனா?

எதிர்வீட்டுப் பெண் போன வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை மாடியில் நடக்கிற ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கும் போனாள். 45 நாள் வகுப்பு, 3,000 ரூபாய். அந்த ரூபாய் அவள் அப்பா தோளில் எத்தனை மூட்டை என்று எனக்குத் தெரியும். அங்கே படம் காட்டிப் பேசச் சொன்னார்கள் என்றதும் சந்தோஷப்பட்டேன். என்ன படம் என்று கேட்டேன். பனியை உருட்டிப் பொம்மை செய்யும் பிள்ளைகள். கணப்பு அடுப்பின் முன்னால் கம்பளத்தில் படுத்திருக்கும் நாய். புல்வெளியில் கட்டம் போட்ட துணியை விரித்துப் பிரம்புக் கூடையிலிருந்து ரொட்டி எடுக்கும் குடும்பம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு ஜெராக்ஸ் தாள். அதில் நாய் எது, கம்பளம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத கறுப்பு. அந்தக் கணப்பு அடுப்புக்கு ஆங்கிலம் மனப்பாடம் செய்தாளே, அவள் அதை எங்கே சொல்லப் போகிறாள்? உலகத்தைப் பற்றித் தெரியவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பனியும் பார்க்கட்டும். ஆனால் முதல் படம் அதுவா? நம் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரை மணிக்கு ஒரு படம் எடுத்தால் போதாதா? பூக்கட்டுகிற அம்மா, பழனி பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகள், பெஞ்சில் தூங்குகிற சாமியார், டீ ஆற்றுகிறவர். எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. அந்த வகுப்பு நடப்பதே செல்போன் கடை மாடியில்.

ஒருநாள் அவள் அங்கே ஒரு படத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறாள். "பாய் இஸ்" என்று தொடங்கியிருக்கிறாள். "எ பாய்!" என்று மாஸ்டர் திருத்தியிருக்கிறார். "எ பாய் இஸ் ப்ளே." "ப்ளேயிங்!" "ப்ளேயிங்... இன் கிரவுண்ட்." "ஆன் தி கிரவுண்ட்!" அப்புறம் அவளுக்கு ஒன்றும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் சொன்ன மூன்று திருத்தமும் சரி. ஆனால் அந்தப் படத்தில் இன்னொரு பையன் கிழிந்த சட்டையோடு, காலில் செருப்பு இல்லாமல், மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றான் என்று அவள் என்னிடம் தமிழில் சொன்னாள். அதைச் சொல்லத்தான் எழுந்தாளாம். தப்பும் தவறுமாக முழுசாகச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அந்தப் பையன் அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருப்பான்.

போன் செயலியில் பேசிப் பழகலாமே என்கிறார்கள். பழகினாள். எதைச் சொன்னாலும் பாராட்டுகிறது. படத்தில் இல்லாத யானையைச் சொல்லிப் பார்த்தாளாம், அதற்கும் பாராட்டு.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பேசவைக்க முடியுமா என்று கேட்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் பீரியடு முடிந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்தேன். இரண்டிரண்டு பேராக முதுகுக்கு முதுகு உட்காரவைத்தேன். ஒருத்தர் கையில் படம், இன்னொருத்தர் கையில் வெள்ளைத்தாளும் பென்சிலும். படம் வைத்திருப்பவர் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும், மற்றவர் கேட்டு வரையவேண்டும். அவ்வளவுதான். இருபது ஜோடி, இருபது பேச்சு ஒரே நேரத்தில். "ஹவுஸ்... நோ நோ, ஸ்மால் ஹவுஸ்! லெஃப்ட்! லெஃப்ட் சைடு!" என்று கத்துகிறார்கள். "வேர் இஸ் தி கௌ? பிஹைண்ட் ஆர் ஃப்ரண்ட்?" என்று ஒரு பையன் கேட்கிறான். அவன் அதற்குமுன் என் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டவன் இல்லை. கேட்டாகவேண்டி வந்தது, கேட்டான். மாட்டை எங்கே வரைவது என்று தெரியாமல் அவனால் மேலே போகமுடியவில்லை. 'பிஹைண்ட்' என்ற சொல்லை ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்கு நடத்தியிருக்கிறோம். அன்றைக்குத்தான் அது அவனுக்குத் தேவைப்பட்டது.

மூன்று நாள் நடந்தது. நாலாவது நாள், பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து நின்றார். பிறகு தலைமையாசிரியர் கூப்பிட்டு, "என்ன டீச்சர், கிளாஸ் சந்தைக்கடை மாதிரி இருக்கு, போர்ஷன் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். போர்ஷன் முடியவில்லை. நான் நிறுத்திவிட்டேன். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, பரீட்சை அப்படி, ரிசல்ட் அப்படி. ஆனாலும் நான் நிறுத்தியிருக்கக் கூடாது. அந்தப் பையன் அடுத்த வாரம், "டீச்சர், இன்னைக்கு டிராயிங் கேம் உண்டா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஐந்து வரியை எழுதிப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண்ணைச் சாயங்காலம் வரச் சொன்னேன். அவள் அப்பாவிடம் சொல்லி மார்க்கெட்டில் விடியற்காலையில் ஒரு படம் எடுத்து வாங்கி வைத்திருந்தேன். அவரோடு வேலை செய்கிறவர் எடுத்தது. கொஞ்சம் ஆடியிருக்கிறது, பரவாயில்லை. போனை அவள் கையில் கொடுத்து, "முதல்ல தமிழ்ல சொல்லு. அவசரமில்ல" என்றேன். சொன்னாள். லாரியின் பின்பலகை திறந்திருக்கிறது, தக்காளிப் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள், ஒரு பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது, யாரோ அதைப் பொறுக்காமல் தாண்டிப் போகிறார். அப்பா மூட்டையோடு குனிந்து வருகிறார், தலையில் சும்மாடு. "தண்ணி தெளிச்சிருக்காங்க டீச்சர், தரை பளபளக்குது. விளக்கு அதுல தெரியுது." இந்த வெளிச்சம் எனக்குக் கண்ணில் படவே இல்லை. அவள் சொன்ன பிறகு பார்த்தேன்.

"இப்ப இங்கிலீஷ்ல."

'சும்மாடு' வந்த இடத்தில் நின்றுவிட்டாள். அதற்கு என்ன என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். தெரியாவிட்டால் அது என்ன என்று சொல் என்றேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "எ டவல்... ரோல்டு... லைக் எ ரிங்... ஆன் ஹிஸ் ஹெட். ஃபார் தி வெயிட். நாட் டு பெயின்." கடைசித் துண்டு சரியில்லை. நான் திருத்தவில்லை. அவள் மேலே போனாள். தெரியாத சொல்லைச் சுற்றிக்கொண்டு போய் விஷயத்தைச் சேர்ப்பித்துவிட்டாள். நாளைக்கு வேறொரு நாட்டு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு எங்கே வலி, எப்படி விழுந்தார் என்று சொல்லவேண்டி வரும்போது அவளுக்கு வேண்டியது இதுதான். அங்கே எந்த டெம்ப்ளேட்டும் கைகொடுக்காது. மணி பார்த்தேன், நாலு நிமிஷம் பேசியிருந்தாள். இடையில் நிறையத் தடுமாற்றம், நிறைய மௌனம். தரையில் விளக்கு தெரிவதை மட்டும் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது நன்றாக இருந்தது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கினாள்.

"டீச்சர், ஆனா அங்க 25 செகண்டுதான் பார்க்க முடியும். இப்படி யோசிச்சா நேரம் போயிரும். நடுவுல நின்னுட்டா மார்க் குறைஞ்சிரும்னு சார் சொன்னாரு."

நான் பேசாமல் இருந்தேன்.

"எதுக்கும் அந்த டெம்ப்ளேட்டையும் மனப்பாடமா வச்சுக்கிறேன் டீச்சர்."

"வச்சுக்க" என்றேன். அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை. எட்டு மணிக்கு மாடியில் குரல் கேட்டது.